பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி

மே 6, திங்கள்

இன்று முதல் நான் ஓர் ஆய்வாளர்! சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்திருக்கிறார்கள். "பிரம்மசக்தி, தன்னார்வலர், சமூக நலத் தேவை மதிப்பீடு" என்று அச்சாகியிருக்கிறது. என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை (வாக்குமூலம்: தேர்வு நுழைவுச்சீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை). வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றவில்லை.

"ஏட்டி, சோறு திங்கும்போதாவது கழட்டி வையி. ரசத்துல விழுந்துரும்" என்றாள் அம்மா.

நடந்தது இதுதான். எங்கள் தருவைக்கரையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. ஊருக்கு அது பச்சைகேட் ஆஸ்பத்திரி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் தெருத் தெருவாக வந்து, உங்களுக்கு என்ன தொந்தரவு, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பிறகு ஊரைக் கூட்டி, எது முதலில் என்று முடிவு செய்து, அதற்கென்று பணமும் ஆளும் ஒதுக்குவார்கள். போன தடவை கொசு ஜெயித்தது. எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி வந்தது அப்படித்தான். இந்தத் தடவை விசாரிக்க ஆள் போதாமல் எங்கள் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் யார் வருவார்கள்? நானும் என் தோழி ஜெனோவாவும் மட்டும். ஜெனோவா வந்தது கேண்டீன் வடைக்காக. நான் வந்தது மனித குலத்துக்காக.

எங்களுக்குப் பொறுப்பு கிரேனாப் அக்கா. மருத்துவமனையின் சமூகப் பணியாளர். ஸ்கூட்டியைவிட வேகமாகப் பேசுவார். எந்தத் தொந்தரவாக இருந்தாலும் நான்கு கேள்வி கேட்கவேண்டுமாம். எத்தனை பேருக்கு இருக்கிறது? எவ்வளவு மோசம்? நம்மால் சரிசெய்ய முடியுமா? வேறு யாராவது ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொள்கிறார்களா?

"இந்த நாலையும் கேட்டுட்டுத்தான் எது முதல்லன்னு முடிவு பண்ணணும். எவன் சத்தமாக் கத்துதான்னு பாத்து இல்ல" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. ஜெனோவாவுக்குப் பசித்தது.

மே 6, அதே நாள், சாயங்காலம்

பயிற்சிக்காக எங்கள் வீட்டின் தேவைகளை மதிப்பிட்டேன். மின்விசிறி கடகடவென்கிறது, ஆனால் சுற்றுகிறது, ஆகவே மோசமில்லை. எங்கள் கோழி, இதே தெருவில் இருக்கும் ரூபாவதி சித்தி வீட்டில் போய் முட்டையிடுகிறது. மோசம்தான், ஆனால் கோழியின் மனத்தை மாற்ற நம்மால் முடியாது. அப்பா உப்பு லாரியோடு போனால் மாதக் கணக்கில் வருவதில்லை; அதை முதலாளி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், பார்த்துக்கொள்வதில்லை.

பிறகு அம்மா. என் நகைச்சுவைக்கு அவள் சரியாகச் சிரிப்பதில்லை. ஆரம்பிப்பாள். உடனே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து நிறுத்திவிடுவாள். அப்புறம் விறுவிறுவென்று கொல்லைக்குப் போய்விடுவாள். என் நகைச்சுவை அவ்வளவு மட்டமா? பாதிக்கப்பட்டவர்: ஒருவர் (நான்). தீர்வு: இன்னும் நல்ல நகைச்சுவை.

மே 7, செவ்வாய்

அதிர்ச்சி. எங்கள் ஊரில் யாருக்கும் எந்த நோயும் இல்லை.

வடக்குத் தெரு முழுக்கப் போனோம். "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கோம்." ஒரு தாத்தா, இருமல் உண்டா என்று கேட்டதற்கு, பேசமுடியாமல் இருமிக்கொண்டே இல்லை என்று கையை ஆட்டினார். முழங்கால்வரை கட்டுப் போட்டிருந்த ஓர் அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "இதா? இது சும்மா" என்றார்.

"பேசாம ஆஸ்பத்திரியை மூடிட்டு வடைக்கடை வைக்கலாம்" என்றாள் ஜெனோவா.

மே 9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! ஓடி வந்த வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும் (யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை).

மேலத்தெருவில் ஒரு வீடு. மருந்துச் சீட்டுகள் ஆணியில் கொத்தாகக் குத்தியிருந்தன. அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு அந்த அத்தை, "எங்க வீட்டுல ஒரு தலைவலி காய்ச்சல் கிடையாது" என்றார். நான் ஆணியைப் பார்த்தேன். அவரும் ஆணியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா, இங்க பொண்ணு இருக்குல்லா. நீங்க எழுதிட்டுப் போயிருவிய. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து ஆஸ்பத்திரில விசாரிச்சாம்னா? அம்மைக்குச் சுகரு, அப்பனுக்கு பிரஷருன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

அதுதான் விஷயம். கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ இருக்கும் வீட்டில் நோய் இருக்காது. எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லாத வீடு ஒன்று இரண்டுதான்.

எழுந்து வரும்போது அந்த அத்தையே ஜெனோவாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "பக்கத்து வீட்டுல போயி நல்லா எழுதுங்க. அவளுக்குச் சுகரு. அவ மாப்பிள்ளைக்கு மூலம். மாமியாருக்கு ரெண்டு கண்ணும் மங்கல், ஆளையே தெரியாது, குரலை வச்சுதான் திட்டும்."

பக்கத்து வீட்டுக்குப் போனோம். அங்கே எல்லோரும் பரம சுகம். ஆனால் ஆணி வீட்டு அத்தைக்கு நெஞ்சுவலி வந்து போன மாதம் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதை முழுவதுமாகச் சொன்னார்கள், ஆட்டோ டிரைவர் பெயர் உள்பட.

நானும் ஜெனோவாவும் தெருமுனைவரை நடந்துதான் வந்தோம். அதற்கு மேல் ஓடினோம்.

மே 10, வெள்ளி

நடந்ததை கிரேனாப் அக்காவிடம் சொல்லி, இனி எல்லோரிடமும் பக்கத்து வீட்டைப் பற்றியே கேட்கலாமே என்றேன். மேசையில் டீ கொட்டும்வரை சிரித்தார். கொட்டிய டீயைத் துடைக்கும்போது சிரிப்பு நின்றது. "இரு" என்று சொல்லிவிட்டு டாக்டர் நவமணியைப் பார்க்கப் போனார். அவர்தான் மருத்துவமனைக்குத் தலைமை. வெள்ளைக் கோட்டும் ரப்பர்ச் செருப்புமாக அவரே வந்துவிட்டார்.

"யோசனை நல்லா இருக்கு. ஆனா பேரு எழுதக் கூடாது, வீட்டு நம்பர் எழுதக் கூடாது. எந்த வீட்டைப் பத்தி யார் சொன்னாங்கன்னு வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. உங்க அக்கம்பக்கத்துல என்னென்ன தொந்தரவு இருக்குன்னு மட்டும் கேளுங்க. சரியா?"

சரி என்று சத்தியம் செய்தோம். ஜெனோவா சிலுவை போட்டுக்கொண்டாள். அறிவியல் முன்னேறிவிட்டது.

மே 14, செவ்வாய்

வெள்ளம்! பேனா மை தீர்ந்துவிட்டது. இரண்டு நாளில் தருவைக்கரைக்கு உலகத்தில் உள்ள எல்லா நோயும் வந்துவிட்டது. தன் வீட்டைப் பற்றி ஒரு வரி பேசாதவர்கள், பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு கருணையாகவும் எவ்வளவு விளக்கமாகவும் பேசுகிறார்கள்! மனித குலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

ஒன்று மட்டும் புதிராக இருந்தது. ஆண்கள் எழுந்து போனதும் பெண்கள் கிட்டத்தில் நகர்ந்து வந்து சொல்கிறார்கள். அதுவும் உப்பளத்தில் சுமக்கப் போகிற பெண்கள். "ஏளா, எனக்கில்ல, பக்கத்து வீட்டு அக்காவுக்கு. தும்முனா போச்சு." "பாவம், அவ கல்யாண வீட்டுக்கே வரமாட்டா. சிரிச்சா நிக்காதுல்லா." "உப்புக் கூடையைத் தலையில ஏத்துனா, கீழ என்னமோ இறங்குற மாதிரி இருக்காம்." போகிற தெருவெல்லாம் இதே பேச்சு.

கிரேனாப் அக்கா கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு விளக்கினார். பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே சுமை தூக்கப் போகிறவர்களுக்கு அடிவயிற்றுத் தசை தளர்ந்துவிடுமாம். கர்ப்பப்பை கீழே இறங்கும். சிரித்தாலோ இருமினாலோ சிறுநீர் கசியும். பாதிப் பேருக்கு மேல் உடற்பயிற்சியிலும், உள்ளே பொருத்துகிற ஒரு வளையத்திலுமே நன்றாகிவிடுவார்களாம். கொஞ்சம் பேருக்குத்தான் ஆபரேஷன்.

"பிறகு ஏன்க்கா யாருக்கும் நல்லாகல?" என்று கேட்டேன்.

"யாரும் வந்து சொல்லலையே. இத்தனை வருசத்துல எங்க ரிஜிஸ்டர்ல இது ஒரு தொந்தரவாவே வந்ததில்ல."

எவ்வளவு பரிதாபம்! நல்ல வேளை, எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி இல்லை.

எங்கள் தெருவில் நாளைதான் விசாரிக்கப்போகிறார்கள்.

மே 15, புதன்

சொந்தத் தெருவுக்குச் சொந்த ஆள் போகக்கூடாது என்பது விதி. ஆனால் ஜெனோவாவோடு போகவேண்டிய நர்சு வரவில்லை. ரூபாவதி சித்தி வீட்டுக்கு மட்டும் கூடப் போனேன். சித்தியும் அம்மாவும் ஒரே உப்பளத்தில் வேலை. விடியும் முன்பே சேர்ந்து போய், வெயில் ஏறுவதற்குள் சேர்ந்து வருவார்கள்.

சித்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்களுக்குக் காப்பி கொடுத்தார். (முட்டையும் அவித்துக் கொடுத்தார். எங்கள் கோழி முட்டை.) இடது பக்கத்து வீட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு எந்தக் காதில் சீழ் என்பதுவரை.

"வலது பக்கத்து வீட்டுல, சித்தி?" என்று கேட்டேன்.

வலது பக்கத்து வீடு எங்கள் வீடு.

சித்தி என்னைப் பார்த்தார். ஜெனோவாவைப் பார்த்தார். காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கினார்.

"அங்க ஒண்ணுமில்ல. அங்க எல்லாரும் நல்லா இருக்காவ" என்றார். பிறகு, "நீ வீட்டுக்குப் போளா, உங்க அம்மை தேடுவா. இந்தப் பிள்ளை மட்டும் இருக்கட்டும்" என்றார்.

தெருவிலேயே நோயில்லாத வீடு எங்கள் வீடு! அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். ஆவியில் முகம் தெரியவில்லை.

மே 16, வியாழன்

மத்தியானத்திலேயே கொடியில் அம்மாவின் இரண்டாவது சேலை காய்கிறது. வெயில் காலம். வியர்வை.

மே 19, ஞாயிறு

மாமா மகன் கல்யாணம். உடன்குடிக்குப் பஸ். அம்மா வரவில்லை. "பஸ்ஸு ஆட்டும், நீ சித்தி கூடப் போயிட்டு வா." எனவே நான் எங்கள் குடும்பத்தின் பிரதிநிதி. மூன்று தடவை பாயசம் வாங்கினேன். குடும்பத்தில் மூன்று பேர், ஆளுக்கு ஒன்று.

"சந்தனமாரி வரலையா?" என்று எல்லோரும் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். தலைவலி என்றேன். சொல்லும்போது ரூபாவதி சித்தி என்னைப் பார்த்தார். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

மே 21, செவ்வாய்

மருத்துவமனையில் கணக்கெல்லாம் கூட்டினோம். உப்பளத்துப் பெண்களின் தொந்தரவு, சர்க்கரை நோய்க்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில்! ஆனால் முடிவு இதை வைத்து இல்லையாம். சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஊர்க்கூட்டம். ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு பட அட்டை. ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியமுத்து. எது முக்கியமோ அந்தப் படத்தின் முன்னால் போடவேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் போடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. புளியமுத்து கேண்டீன் சாம்பார் உபயம்.

"ஒரு தொந்தரவுக்கு முத்தே விழலைன்னா, அறக்கட்டளைக்காரங்க அதை எடுத்துக்கவே மாட்டாங்க" என்றார் கிரேனாப் அக்கா. "ஆம்பளைங்க முன்னாடி எந்திரிச்சு வந்து இதுக்கு எந்தப் பொம்பளை முத்து போடுவா?"

வார்டு மெம்பர் சுடலைமணி அண்ணாச்சி ஸ்கேன் மெஷின் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாராம். மெஷின் வைக்கிற அறைக்கு அவருடைய அப்பா பெயரில் கல்வெட்டு வருமாம்.

அட்டைக்குப் படம் வரையும் வேலை எனக்கு. கொசு, கண், காது, சர்க்கரை, அண்ணாச்சி கேட்ட ஸ்கேன் மெஷின், சிறுநீரகம் (மாங்காய் மாதிரி வந்துவிட்டது) எல்லாம் வரைந்தேன். கடைசி அட்டைக்கு என்ன வரைவது? கர்ப்பப்பையை வரைந்தால் யாரும் பக்கத்திலேயே வரமாட்டார்கள். யோசித்து யோசித்து, ஒரு பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை வரைந்தேன். நன்றாகவே வந்தது.

"யாரைப் பாத்து வரைஞ்ச?" என்றாள் ஜெனோவா.

"கற்பனை" என்றேன்.

அவள் தன் வடையில் பாதியைக் கொடுத்தாள். ஜெனோவா வடையைப் பங்கிட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கண் கலங்கியது.

மே 24, வெள்ளி

சரி. எனக்குத் தெரியும். எழுதிவிட்டேன், போதும்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வாம்மா."

"எனக்கு என்னத்துக்குட்டி? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"உனக்குன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுக்கு."

அம்மா புடைப்பதை நிறுத்தினாள். "எந்தப் பக்கத்து வீடு?"

"ஏதாவது பக்கத்து வீடு."

சுளகை இரண்டு தடவை சும்மா தட்டினாள். "பள்ளிக்கூடம் பக்கந்தானே? பஸ்ஸு ஏற வேண்டாம்லா?" என்றாள்.

மே 25, சனி

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்தேன். இப்போது எழுதலாம்.

மைதானம் நிறையக் கூட்டம். பெஞ்சில் வரிசையாக அட்டைகள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கைதான் பெரிய கை என்று சொல்லி இரண்டு பங்கு புளியமுத்து வாங்கினார். மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆண்கள் போட்டார்கள். பெண்களும் வந்து, வீட்டுக்காரர் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஸ்கேன் மெஷின் முன்னால் குவியல். சர்க்கரைக்கும் கொசுவுக்கும் சின்னக் குவியல்கள். சிரிக்கிற பெண்ணின் முன்னால் ஒரு முத்துகூட இல்லை. வெறும் பெஞ்சு. அம்மா பின்வரிசையில் சித்தியோடு நின்றாள். தன் முத்தையெல்லாம் கொசுவுக்குப் போட்டிருந்தாள். அதுவும் அந்தச் சாக்கடைக்கு மூடி போட்ட பிறகு!

எனக்கு அழுகையாக வந்தது. கிரேனாப் அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அவங்கவங்களுக்குக் கேட்டா எப்படிச் சொல்லுவாங்க? இன்னொரு கைப்பிடி குடுங்க. பக்கத்து வீட்டுக்கு!"

அக்கா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"முதல் கைப்பிடி உங்க வீட்டுக்குப் போட்டாச்சு. இப்போ ரெண்டாவது கைப்பிடி. இது உங்களுக்கு இல்ல. உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு, மதினிக்கு. அவங்களுக்கு என்ன வேணுமோ அதுல போடுங்க."

கூட்டம் சலசலத்தது. அப்போதுதான் அண்ணாச்சி அந்தக் கடைசி அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன நோயி? சிரிக்கிறதெல்லாம் ஒரு நோயா? அப்படின்னா எங்க வீட்டுல அது கிடையாது. எங்க வீட்டுக்காரி சிரிச்சு நான் பாத்ததேயில்ல!"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணாச்சியின் மனைவி, செல்லக்கனி அத்தை.

"ஏன் சிரிக்கலைன்னு என்னைக்காவது கேட்டியளா?"

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு பெண்கள் பக்கம் வெடித்தது பாருங்கள், ஒரு சிரிப்பு! அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே பல பேர் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீயட்டி!" என்று யாரோ கத்தினார்கள். உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீயுமா, நீயுமா என்று. அதற்கு இன்னும் சிரிப்பு.

முதலில் எழுந்தது ரூபாவதி சித்தி. "பக்கத்து வீட்டுக்குன்னா போட்டுத்தானே ஆகணும்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய், சிரிக்கிற பெண்ணின் முன்னால் கைப்பிடியைக் கொட்டினார். அடுத்து செல்லக்கனி அத்தை. போகிற வழியில் அண்ணாச்சியின் சட்டைப் பையில் கையை விட்டு, அதில் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனார். "இதுவும் பக்கத்து வீட்டுக்கு." அண்ணாச்சி பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொருவராக இல்லை, கூட்டமாகவே வந்தார்கள். முத்து பெஞ்சிலிருந்து வழிந்து தரையில் ஓடியது.

அம்மா வந்தாள். முத்தைப் போட்டாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உடனே அண்ணாந்து ஒரு காக்காயைப் பார்த்தேன்.

இரண்டு சுற்றையும் கூட்டிப் பார்த்தும் ஸ்கேனுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் டாக்டர் நவமணி நான்கு கேள்வியையும் மைக்கில் கேட்டார். நாலாவது கேள்வியில் ஸ்கேன் விழுந்தது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்கிறது; வேண்டியவர்களை இனி பச்சைகேட் ஆம்புலன்ஸ் இலவசமாகக் கூட்டிப்போகும். உப்பளத்துப் பெண்களின் தொந்தரவை வேறு யாரும் பார்க்கவில்லை. பெண் டாக்டர், பயிற்சி சொல்லித்தரத் தனியாக ஓர் அக்கா, வியாழன்தோறும் மத்தியானம், உப்பளத்து வேலை முடிந்த பிறகு.

"கல்வெட்டு?" என்றார் அண்ணாச்சி.

"பேசாம வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார் செல்லக்கனி அத்தை.

ஜூன் 13, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. இன்று மத்தியானம் மட்டும் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "ஆய்வு" என்று எழுதினேன்.

பெண் டாக்டர் வரும் முதல் வியாழன். பச்சைகேட்டுக்கு உள்ளே போனதும் திகைத்துவிட்டேன். வராண்டா முழுக்கப் பெண்கள். பெஞ்சு போதாமல் படியில், வேப்பமர நிழலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில். எல்லோரும் நல்ல சேலை, தலையில் பூ. திருவிழா மாதிரி பேச்சு. நர்சு ஒருவர் நோயாளிச் சீட்டு எழுதுவதற்காக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"உங்க பேரு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன்."

"உங்க பேரு?"

"எனக்கா? நான் அவளுக்குத் துணைக்கு."

செல்லக்கனி அத்தை தன் பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணை. பக்கத்து வீட்டுக்காரி செல்லக்கனி அத்தைக்குத் துணை. ரூபாவதி சித்தி சந்தனமாரிக்குத் துணை. சந்தனமாரி ரூபாவதிக்குத் துணை. நர்சு கடைசிவரை போய்த் திரும்பினார். சீட்டு ஒன்றுகூட எழுதவில்லை. வராண்டாவில் அத்தனை பேர், நோயாளி ஒருவர்கூட இல்லை!

நர்சு உள்ளே போய்ப் புதுப் பெண் டாக்டரிடம் சொன்னார். அவர் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"சந்தோஷம். அப்படின்னா துணைக்கு வந்தவங்க எல்லாரும் வரிசையா உள்ள வாங்க."

யாரும் அசையவில்லை. அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எழுந்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்தாள். கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள். "அவுக இவ்வளவு சொல்லும்போது உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குள் அம்மாவுக்குப் பின்னால் வரிசை படிவரை நீண்டுவிட்டது.

நர்சு சீட்டோடு என்னிடம் வந்தார். "நீ யாருக்கும்மா?"

"இப்ப உள்ள போனாங்கல்லா, அவங்க என் அம்மா. நான் துணைக்கு வந்தேன்" என்றேன்.

அவ்வளவு பெரிய வரிசையில் உண்மையாகவே துணைக்கு வந்தவள் நான் ஒருத்திதான்.